கேன் தண்ணீரில் நின்ற சென்சார்

ஒரகடத்தில் கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் சுற்றுச்சூழல் மேனேஜராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பேர்தான் பெரிது, வேலை என்னவோ திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. சுத்திகரித்த கழிவுநீர் வெளியேறும் தொட்டியில் ஒரு சென்சார் தொங்கும். தண்ணீரில் அழுக்கு எவ்வளவு என்று அது காட்டும் எண் என் மேசைக்கும் வரும், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் மேசைக்கும் போகும். பச்சையில் இருந்தால் எல்லோரும் நிம்மதியாக டீ குடிப்போம்.

காம்பவுண்டுக்கு வெளியே அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடும். எங்கள் ஆபீஸைப் பெருக்கும் அக்காவின் மாடு அதில்தான் தண்ணீர் குடிக்கும். அதனால் அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் பார்க்க முடிந்ததில்லை.

கழிவுநீர் சும்மா இருக்காது. பெயின்ட் லைனைக் கழுவினால் எண் ஏறும், மழை பெய்தால் இறங்கும். வாலாஜாபாத் பக்கம் பழைய கம்பெனியில் நான் பார்த்த கிராஃப் எல்லாம் கோணல்மாணல்தான். இங்கேயோ ஐப்பசி மழை கொட்டுகிறது, லைனைக் கழுவுகிறார்கள், கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராகப் போகிறது. மற்றவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். சென்சார் தொட்டியில் இல்லை. பக்கத்தில், மேல்பாகம் அறுத்த குடிநீர் கேனில், தெளிந்த தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் எதையும் மறைக்கவில்லை. "டேங்க் கிளீன் பண்ண சொல்லோ வெளிய எடுத்தா அலாரம் அடிக்குது மேடம். போன் மேல போன் வருது. அதான் கேன்ல வெச்சிக்குவோம். அப்டியே வுட்டுட்டாங்க போல."

"எப்பலேர்ந்து?"

மூன்று ஷிப்ட் ஆட்களையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பழைய கிராஃபைத் திறந்தேன். எவ்வளவு பின்னால் தள்ளினாலும் கோடு நேராகவே வந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். நாங்கள் அதற்கு ஒரு சாஃப்ட்வேரே வாங்கி வைத்திருந்தோம்.

கத்தித் தீர்த்தேன். வால்வை மூடவைத்து, அதிகாரிகளுக்கு நானே போன் செய்தேன். தொட்டித் தண்ணீரைச் சோதித்தால் எண் சிவப்பில் வந்தது. ஆனால் அது அன்றைய எண். அதற்கு முன்னால் போன தண்ணீர் போனதுதான். அதில் என்ன இருந்தது என்று இனி எந்தக் கருவியும் சொல்லாது.

இப்போதும் விடுமுறை நாளில்கூட போனில் அந்தக் கோட்டைத் திறந்து பார்க்கிறேன். கொஞ்ச நேரம் நேராகப் போனால் பயம் பிடித்துக்கொள்கிறது. வளைந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

கேனைக் கண்ட அன்றே அக்காவைத் தேடிப்போய், மாட்டை இனி வாய்க்காலில் விடவேண்டாம் என்று சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தினி நாளு குடிச்சது, மேடம்?"

"தெரியலக்கா."

வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மருமவ முழுகாம கீறா மேடம். தெனம் அந்த மாட்டுப் பாலத்தான் காய்ச்சிக் குடுத்துக்கினு கீறேன்."