நாலு நேரங்கள் எழுதிய தாள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்கு அறைப்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தெருவுக்கு இந்தப் பக்கம் பழைய கட்டடம், எதிரே புதிய கட்டடம், நடுவே தலைக்கு மேல் ஒரு கேபிள். எந்த அறை காலி என்று புதிய கட்டடத்துக் கம்ப்யூட்டர் அனுப்பும், பழையது படித்துக்கொள்ளும். இது ஓடினால் காரைக்காலிலேயே பிழைப்பேன், இல்லாவிட்டால் சென்னைக்கு பஸ் ஏறுவேன் என்று வீட்டில் சவடால் விட்டிருந்தேன்.

திங்கட்கிழமையே பழைய கட்டடத்துக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மவுஸ் அசையவில்லை. உள்ளே விசிறி மட்டும் பேயாக இரைந்தது.

"தம்பி, சனிக்கிழமை கூட்டம் வந்துடும். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுங்க, எங்களுக்கு நோட்டு இருக்கு" என்றார் முதலாளி.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அதே கதை. விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன், கேபிளை மாற்றினேன். எதிர்க் கட்டடத்துக் கிளார்க் தினமும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், நானும் ஆட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப என் புரோகிராம் வரிகளையே படிப்பேன். என் கோபமெல்லாம் மெஷின் மேல்தான்.

வியாழன் ராத்திரி வீட்டில், மெஷின் உறைந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிவைத்து முறைத்துக்கொண்டிருந்தேன். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை. தட்டை எடுக்க வந்த அம்மா குனிந்து பார்த்தாள்.

"ராகு காலத்த எதுக்குடா எழுதி வச்சிருக்க?"

அப்பா விசைப்படகில் போகிறவர். ராகு காலத்தில் அவரை வாசல் தாண்ட விடாதவள் அம்மா, அவளுக்குக் காலண்டர் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நேராக எதிர்க் கட்டடத்துக்கு ஓடி, ராகு காலத்தில் கம்ப்யூட்டரை நிறுத்துகிறீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க, அந்த ஒன்றரை மணி நேரம் ஆஃப் பண்ணிடுவேன்" என்றார் கிளார்க். "வர்றவங்களே சனி தொலையட்டும்னு வர்றாங்க. ராகு காலத்துல ரூம் போட்டு இன்னொண்ணையும் கட்டிவிடலாமா?"

"ஏங்க இதச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

எனக்கு முகம் சுண்டிப்போனது. இணைப்பின் மறுமுனை மூடிவிட்டால் படிக்கப் போகும் புரோகிராமுக்குக் கிடைப்பது பூஜ்யம். 'இனி வராது' என்று அர்த்தம். நானோ அதை 'இன்னும் வரவில்லை' என்று எடுத்துக்கொண்டு, மறுபடி கேள், மறுபடி கேள் என்று எழுதிவைத்திருந்தேன். மூச்சு விடாமல் கேட்டே செத்துக்கொண்டிருந்தது அந்த மெஷின். பூஜ்யம் வந்தால் இணைப்பை மூடு, அவர் திரும்பப் போடும்வரை சும்மா இரு. நாலே வரி.

பத்து மணிக்கு முடித்துவிட்டு உட்கார்ந்தேன். பத்தரைக்குத்தான் ராகு காலம். அது எப்போது வரும் என்று நான் தவித்தது ஆயுசில் அன்று ஒருநாள்தான். எதிரே கிளார்க் விளக்கை அணைப்பதுபோல நிதானமாகக் கம்ப்யூட்டரை நிறுத்தினார். நான் மவுஸைத் தொட்டேன். அசைந்தது. பன்னிரண்டுக்கு அவர் போட்டதும் அறைகள் வரிசையாக வந்தன.

சனிக்கிழமைக் கூட்டத்திலும் நிற்கவில்லை. "இருக்கட்டும் தம்பி" என்றார் முதலாளி, நோட்டை மூடிக்கொண்டே.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் என் டிரங்குப் பெட்டி, துடைத்து, திறந்து, பாதி அடுக்கியபடி இருந்தது. என் சவடாலை ஒருத்தி நம்பியிருக்கிறாள்.

"ஓடுதும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"அப்ப இதத் தூக்கி மறுபடி பரண்ல போடு" என்றாள்.