வகுப்பில்லாத வெள்ளிக்கிழமை

துணி மடித்துக்கொண்டிருந்த துளசி டீச்சருக்கு அந்த அழைப்பு பிற்பகலில் வந்தது. பேசியவர் புஷ்பவள்ளி, மாணவி லோகேஸ்வரியின் அம்மா. பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டுக்குத் திரும்பியிருந்தார். மகளின் கைப்பேசி அடைத்துக் கிடக்கிறது, அழைப்பே போகவில்லை, கிளாஸ் எப்போது முடியும் என்று கேட்டார்.

“இன்னிக்குக் கிளாஸ் இல்லையேக்கா,” என்றார் துளசி.

“கிளாஸ் இருக்குன்னுதானே சொன்னா டீச்சர்!”

துளசி இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர். இயல்பிலேயே பயந்த சுபாவம் கொண்டவர். பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்தும் கடல் என்றால் நடுக்கம். கடல்மேல் அக்கரைக்குப் போகும் பாலத்தில் ஒருநாளும் தானே காடி ஓட்டியதில்லை. அப்படிப்பட்டவர் ஆண்டிறுதி விடுமுறைக்கு ஒரு வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கியதே பெரிய விஷயம். நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது மாணவர்கள் சிலருக்கு ஆளுக்கோர் ஆங்கில நாவல் கொடுத்தார். படித்ததைப் பற்றி ஒவ்வொரு மாலையும் ஆங்கிலத்திலேயே பேசி வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்ப வேண்டும்.

வகுப்பில் வாயே திறக்காத லோகேஸ்வரி குரல்பதிவில் தடுக்கித் தடுக்கி நிறைய பேசினாள். துளசிக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. அவளுக்குக் கொடுத்த நாவலில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வீட்டை விட்டு ரயிலேறிப் போகிறாள். அதைத் தேர்ந்தெடுத்தவர் துளசிதான்.

புஷ்பவள்ளியை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவசரமாக முந்தைய நாள் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டார். “ஷி இஸ் நாட் பேட், டீச்சர். ஷி இஸ் டயர்ட். இஃப் மீ, ஐ ஆல்சோ கோ.” நாவலில் வரும் பெண் கெட்டவளல்ல, களைத்துப்போனவள்; தானாக இருந்தாலும் போய்விடுவாளாம்.

அதற்குக் கீழே துளசியின் பதில் இருந்தது: ‘இஃப் மீ’ தவறு, ‘இஃப் ஐ வேர் ஹர்’ என்று சொல்ல வேண்டும், மற்றபடி நன்று.

அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது, தான் எதைத் திருத்தினோம்! புஷ்பவள்ளியிடம் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். எதிர்முனையில் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு புஷ்பவள்ளி மெல்லிய குரலில் சொன்னார்.

“துணியெல்லாம் காணோம் டீச்சர். அந்தக் கதையில வர்ற பொண்ணு எங்க போச்சி?”

ரயில் என்றால் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் நிலையம்தான். புஷ்பவள்ளியைப் போலீஸ் நிலையத்துக்குப் போகச் சொல்லிவிட்டு துளசி கிளம்பினார். வெள்ளிக்கிழமை, அதுவும் விடுமுறைக் காலம், பாலம் நெரிசலில் நின்றிருக்கும். படகுத்துறையான ஜெட்டியில் காடியை விட்டுவிட்டு ஃபெரியில் ஏறினார். ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் ஏற்கெனவே ரயிலேறியிருந்தால் என்ன செய்வது, அங்கே இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்று நினைத்துக்கொண்டே வந்தார். ஃபெரி ஆடியபோதெல்லாம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

நிலையத்தில் ஒரே கூட்டம். பைகளோடு குடும்பங்கள், தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள். அவளைப் போலவே பின்னல் போட்ட ஒரு பெண்ணின் தோளைத் தொட்டார். வேறு யாரோ. கழிவறை வரை போய்ப் பார்த்தார். கடைசியில் காத்திருப்புப் பகுதியின் மூலையில், பையை மடியில் அணைத்தபடி லோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். துளசி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது முடித்திருந்தாள்.

ஈப்போவில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போக வந்தாளாம். சாயங்கால ரயிலில்தான் இடம் கிடைத்ததாம். கைப்பேசியை அவளே அடைத்து வைத்திருக்கிறாள்.

“புத்தகத்துல அவ டப்புனு ஏறிடுவா டீச்சர். எனக்கு இங்க வந்ததுமே ஒரே பயம். திரும்பிப் போவவும் பயமா இருந்துச்சி.”

“வீட்டுல என்னம்மா?”

“தினமும் சண்டை. என்னைய யார் வெச்சிக்கறதுன்னு என் முன்னாலயே பேசுறாங்க.”

துளசி போன் செய்து சொன்னதும் கிளம்பிய புஷ்பவள்ளி பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். அடிப்பாரோ, கத்துவாரோ என்று துளசி பதறினார். புஷ்பவள்ளி மகளின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டார். மறுநாள் அவரே மகளை ஈப்போவுக்குக் கூட்டிப் போனார். மிச்ச விடுமுறை அங்கேயே கழிந்தது.

துளசிக்கு அதோடு பயம் விடவில்லை. புகார் வரும், வேலைக்கே ஆபத்து என்று நாள்தோறும் எதிர்பார்த்தார். பள்ளி திறந்த வாரத்தில் லோகேஸ்வரியின் அப்பா சந்திரசேகரன் வந்தார். அக்கரையில் உள்ள பிறை நகரில் லாரி ஓட்டுபவர். ஆசிரியர் அறை வாசலில் அவரைக் கண்டதும் துளசி எழுந்து நின்றார்.

அவர் சத்தம் போடவில்லை. தனக்கு இங்கிலிஷ் படிக்க வராது, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டும், கதையைச் சொல்லுங்கள் என்றார். துளசி சொன்னார். சந்திரசேகரன் குனிந்த தலை நிமிராமல் கடைசிவரை கேட்டார்.

“அந்தப் பொண்ண அப்பா அம்மா தேடுனாங்களா டீச்சர்?”

“தேடினாங்கண்ணே. ரொம்ப நாள் கழிச்சி.”

அவர் எழுந்து, மகளின் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டார்.