சந்தனம் எனக்குக் காட்டாத ஆட்டம்

மஸ்கெலியா பஜாரில் உள்ள என் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சந்தனத்தின் மனைவி பார்வதி. "அண்ணே, அவரு எந்திரிக்க மாட்டேங்குறாரு" என்றாள். பருப்பு வாங்க வந்தவரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

சந்தனத்தை அறிந்த நீங்கள் எல்லோரும் அவன் நல்லவன் என்று சொல்லிவிட்டீர்கள். தேயிலை பெக்டரியில் அவனோடு வேலை செய்தவர்கள் அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்றார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அவன்மேல் தீராத கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எழுதினால் அது பொய்.

பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அவனும் டாம் ஆடியவர்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை, சோடா மூடிகள்தான் காய்கள். அவனுக்குக் கவிழ்த்த மூடி, எனக்கு மல்லாத்திய மூடி. எதிராளியின் காயைத் தாவி வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆக வேண்டும், அதுதான் சட்டம். நான் அதில் ஏதோ பொறி இருக்கிறதென்று தயங்கினால், "வெட்டுடா வேலு, இம்புட்டு யோசிக்க பொண்ணா பாக்க வந்திருக்க?" என்பான். வெட்டினால் மாட்டிக்கொள்வேன். ஞாயிறு பகலில் கடையை மூடியதும் பலகையை எடுத்துக்கொண்டு அவன் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிவிடுவேன். வரிசை வீடுகளான அந்த லயத்து வாசலில் எங்கள் இருவரின் சத்தம் கேட்டால்தான் அங்கே ஞாயிற்றுக்கிழமை.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பலகையைத் தள்ளி வைத்தான். "கண்ணு மங்குது மாப்ள. கட்டமெல்லாம் ஒண்ணா தெரியுது. இனி என்னால ஆகாது" என்றான். ஹட்டனில் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வயதுக்கு ஏற்ற பார்வைதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஒழுங்காகப் பார்க்காமல் சொல்கிறீர்களே என்று அந்த மனிதரைச் சத்தம் போட்டேன். சந்தனம் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், மனசு உடைந்துபோனான் என்று நினைத்தேன்.

அன்றோடு நானும் விட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எத்தனையோ முறை கூப்பிட்டார். அவனால் முடியாதபோது நான் மட்டும் எப்படி ஆடுவது என்று மறுத்தேன். அவனுக்கு மனசு நோகும் என்று அவன் முன்னால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைக்கூட நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வட்டகொடையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினான். பேரப்பிள்ளைகளோடு இருந்தாலாவது கவலை மறக்கட்டும் என்று சந்தோஷப்பட்டேன்.

மரண வீட்டில் ஆட்கள் கலையாமல் இருக்க கேரம் போர்டும் டாம் பலகையும் போடுவது நம் பக்கத்து வழக்கம். அடக்கத்தன்று காலையில் பந்தலுக்குக் கீழே ஒருவர் டாம் ஆடிக்கொண்டிருந்தார். வட்டகொடையில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் மரியதாஸ் என்றார்கள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்று பார்த்தேன். அடுத்த ஆட்டத்தை, சந்தனம் எப்போதும் தொடங்குகிற மாதிரியே இடது ஓரத்துக் காயில் தொடங்கினார். எடுத்த காயைத் தொடையில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைத்தார். அதுவும் சந்தனத்தின் பழக்கம்.

"நல்லா ஆடுறீங்களே" என்றேன்.

"எல்லாம் அண்ணன் பழக்கிவிட்டதுங்க. மூணு வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு. ஆடாம போகவே மாட்டாரு."

"அவனுக்குக் கண்ணு தெரியாதே?"

அவர் சிரித்துவிட்டார். "அவருக்கா? ஊசியில நூல் கோத்து என்கிட்ட நீட்டுவாருங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க வேலு அண்ணனா?" கையிலிருந்த காயை வைத்துவிட்டு எழப் பார்த்தார். நான் விடவில்லை. ஏன் என்னிடம் கண் தெரியவில்லை என்று சொன்னான் என்று கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க. 'வேலு கைய நீட்டும்போதே எந்தக் காய தொடுவான்னு தெரிஞ்சிருது. சாகுறதுக்குள்ள தெரியாத ஆளோட ஆடிப் பாக்கணும்'னு சொன்னாரு."

பார்வதியிடம் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டேன். "தெரியும்ணே. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஒங்க மனசு நோகுமாம்" என்று அழுதாள்.

என் மனசு நோகுமாம்! என்னோடு ஆடி அலுத்துவிட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். இவன் குருடனாக நடித்து என்னையும் ஆட்டத்தை விட வைத்துவிட்டு, அங்கே போய் ஊசி கோத்திருக்கிறான்.

பந்தலுக்குத் திரும்பி மரியதாசுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறி. அவர் ஒரு காயைக் கொடுத்தார், வெட்டினேன். இன்னொன்றைக் கொடுத்தார், அதையும் வெட்டியே ஆக வேண்டியிருந்தது. அடுத்ததாக அவருடைய ஒற்றைக் காய் என் காய்களைத் தாவித் தாவி வெட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் ராஜாவானது. அப்படியொரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

"இது யாரோட ஆட்டம்?"

"அண்ணன் போன மழைக்காலத்துல கண்டுபுடிச்சது."

அவன் எந்தக் காயைத் தொடுவான் என்பதும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சந்தனத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஆட்டம்தான். அவன் கொடுத்ததல்ல, நான் பிடுங்கிக்கொண்டு வந்தது. பலகையை விரித்து இரண்டு பக்கமும் நானே ஆடி, போன ஞாயிறு அதை முறிக்க வழி கண்டுபிடித்தேன். மரியதாஸ் ஆட வரச்சொல்லி போன் செய்கிறார். நல்ல மனிதர், போவேன். ஆனால் இந்த முறிப்பை அவரிடம் ஆடிக் காட்ட மாட்டேன், அவரிடம் தோற்றாலும் சரி. இது அந்தத் துரோகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டியது.