ஸ்தோத்திரம் சொல்லாத ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்றைக்கும் என் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். சாணி மெழுகிய தரையின் ஈர வாசனை. மோகனூருக்கு மேற்கே வாய்க்கால் ஓரமாக, தென்னங்கீற்று வேய்ந்திருந்த எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது, தரையில்தான் உட்காருவோம். கிறிஸ்தவர்களான எங்களை ஊரில் "வேதக்காரர்" என்று சொல்வார்கள். மொத்தம் பதினோரு வீடு. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குமுன் வீட்டுக்கு ஒருவர் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மை ஒன்றைச் சொல்லி, "ஸ்தோத்திரம்" என்று முடிக்கவேண்டும். சபையை நடத்திவந்த உபதேசியார் ஏற்படுத்திய வழக்கம் அது. எங்கள் பக்கத்துவீட்டுச் சாராளக்கா கோழி எத்தனை முட்டை வைத்தது என்பதுவரை விடாமல் சொல்லுவாள்; அவள் எழுந்தாலே நாங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வோம்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. பங்குனியில் வாந்திபேதி வந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலைசெய்துவந்த என் அப்பா காலையில் படுத்தவர் அன்று விளக்கு வைப்பதற்குள் போய்விட்டார். ஒன்பதாம் நாள் என் தம்பி. அவனுக்கு இரண்டு வயது, அப்போதுதான் என்னை "அக்கா" என்று கூப்பிடப் பழகியிருந்தான். இதற்குமேல் அதை எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

என் அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்குப் பிறகு வேதத்தில் சேர்ந்தவர்கள். அதனால் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த அம்மாவின் அண்ணன், சாவு கேட்டதும் மனம் தாளாமல் ஓடிவந்தார். நல்ல மனுஷன். தம்பியைப் புதைத்த இடத்தில் நின்று அவர் அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது.

"அந்தச் சாமி உம்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல அம்மிணி. இருக்கற ஒத்தப் புள்ளையவாவது காப்பாத்தோணுமல்லோ? மாரியாத்தாளுக்கு ஒரு பொங்கல் வெச்சுப்போட்டு நம்மூட்டுக்கே வந்துரு. ஞாயித்துக்கெழம வண்டி அனுப்பறேன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போகத்தான் ஆசை. மாமன் வீட்டில் எருமை இருந்தது. எங்கள் வீட்டில் கம்பங்கூழ்கூட ஒருவேளைதான்.

ஞாயிறு காலை அம்மா தலைக்குக் குளித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வண்டி ஏறுமுன் சொல்லிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு முறை வந்தது. எப்போதும் அப்பாதான் எழுந்து சொல்வார். அன்று அம்மா எழுந்தாள்.

"எனக்கு இன்னைக்குச் சொல்றதுக்கு ஸ்தோத்திரம் ஒண்ணுமில்லீங்க. அவருமேல கோவமாத்தானுங்க இருக்கறேன். ஆனா அந்தக் கோவத்த வேற எங்க கொண்டுபோயிச் சொல்றதுன்னு தெரியலீங்க. அதனால இங்கயே வந்துட்டனுங்க."

எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. உபதேசியார் கண்டிப்பானவர், திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ, "உக்காருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்து சாராளக்கா வீட்டு முறை. அவள் எழுந்தாள், வாயைத் திறந்தாள், முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிச்ச வீட்டாரும் எழுந்து எழுந்து சும்மா உட்கார்ந்தார்கள். மத்தியானம் வந்த வண்டிக்காரருக்கு அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினாள்.

பிறகு வாராவாரம் அம்மா எழுந்து, "இன்னைக்கும் இல்லீங்க" என்று சொல்லி உட்காருவாள். கொடிக்காலில் அப்பா செய்த வேலையை அவள் செய்தாள், ராத்திரி ஜெபமும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தப் பிடிவாதம். தாங்கமுடியாமல் ஒருநாள், "கூழு குடிக்கறம்ல, அதயாச்சும் சொல்லேம்மா" என்றேன்.

"மனசுல இல்லாதத ஆண்டவருகிட்டச் சொன்னா அவருக்குத் தெரியாதா கண்ணு? வரட்டும், சொல்றேன்" என்றாள். எது வரட்டும் என்று நான் கேட்கவில்லை.

சித்திரை போயிற்று, வைகாசி, ஆனி போயிற்று. ஆடியில் மேட்டூரில் தண்ணீர் திறந்து எங்கள் வாய்க்காலும் நிரம்பியது. அந்த ஞாயிறு அம்மா எழுந்தபோது எல்லாரும் வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவள் உபதேசியாரைப் பார்த்துத் தயங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க. புதங்கெழம நீங்க சைக்கிளோட வாய்க்கா சேத்துல உழுந்தீங்கல்லங்க, அதப் பாத்து எம்புள்ள சிரிச்சுப்போட்டாளுங்க. அவங்கப்பன் போன பொறவு அன்னைக்குத்தானுங்க சிரிச்சா. ஸ்தோத்திரம்."

கோயிலே சிரித்தது, முதலில் சிரித்தவர் உபதேசியார்தான். நான் சிரிக்கவில்லை, அழுதேன். நான் சிரிப்பதை விட்டிருந்தது எனக்கே தெரியாது. அத்தனை வாரமும் அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. கோயில் இப்போது காங்கிரீட் கட்டடம். மைக் இருக்கிறது, பெஞ்சும் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் எழும் வழக்கம் போய், விரும்பினவர்கள் மட்டும் முன்னால் வந்து சாட்சி சொல்கிறார்கள்; பரீட்சையில் தேறியது, வேலை கிடைத்தது, வீடு கட்டியது. எல்லாம் நல்ல சேதிதான், நானும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்கிறேன். "இன்னைக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்ல எழுந்து வருபவர்களைத்தான் காணோம்.