மாமிக்கு நான் கொடுத்த சர்பத்

கொரோனாவுக்காகக் கேம்பஸை மூடியபோது ராத்தா, என் அக்கா, எங்கள் ஊரான கற்பிட்டிக்கு இரண்டு பெட்டி உடுப்போடும் முடிக்காத ஓர் ஆராய்ச்சியோடும் வந்து சேர்ந்தாள். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடமும் பூட்டியிருந்ததால், அவளுடைய உதவியாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்கு வேண்டியது பீட்ரூட். ஏற்றிப்போக லொறி வராததால் அது வாப்பாவின் தோட்டத்தில் குவிந்து கிடந்தது. ராத்தா அதை ஒரே அளவாக வெட்டிக் கழுவி, சில துண்டுகளை வெறும் தண்ணீரிலும் சிலதை பாமசியில் வாங்கிய ஸ்பிரிட் கலந்த தண்ணீரிலும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்குவாள். வெறும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில்தான் சிவக்கும். ஸ்பிரிட் கலந்தது அதற்கு முன்பே சிவந்துவிடும்.

ஏனென்று கேட்டேன்.

"பீட்ரூட்ட ஒவ்வொரு கலத்தையும் சுத்தி மெல்லிசா ஒரு கொழுப்புத் தோல் இருக்கு. நெய் மாதிரித்தான், குளிர்ல இறுகும், சூட்டுல இளகும். ஸ்பிரிட்ல இருக்கிற அல்ககோல் கொழுப்புக்கு நடுவுல புகுந்தா, கொஞ்சச் சூடே போதும், இளகிரும். உள்ள இருக்கிற சாயம் வெளிய ஒழுகுது."

விளங்கியவள்போல் தலையாட்டினேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் கனமூலையிலிருந்து ஒரு மாமி, தன் மகனுக்காக ராத்தாவைப் பெண் பார்க்க வந்தார். வாசலில் உம்மா நீட்டிய சனிடைசரைக் கை நிறைய வாங்கிப் பூசிக்கொண்டார். கதிரையில் உட்கார்ந்த கையோடு, "படிச்சது போதும்தானே? கலியாணத்துக்குப் பொறகு கேம்பஸ் எதுக்கு?" என்றார். உம்மா ஓமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் சிரித்துவைத்தார். பிறகு என்னிடம் சர்பத் கொண்டுவரச் சொன்னார்.

குசினி மேசையில் நாலு கிளாஸ்கள், ரோசாப்பூ நிறத்தில். பீட்ரூட் துண்டுகளை எடுத்துவிட்டு ராத்தா ஆறவைத்தவை அவை என்று எனக்கு எப்படித் தெரியும்? முகத்தில் மாஸ்க் வேறு, மணமும் பிடிபடவில்லை. நிறைந்திருந்த ஒன்றைத் தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, கிளாஸை வாய்வரை கொண்டுபோய்விட்டார். அப்போதுதான் முந்தானையைச் சரிசெய்தபடி ராத்தா அறையிலிருந்து வந்தாள்.

"குடிச்சிராதீங்க மாமி! அதுல அல்ககோல் இருக்கு!"

வாப்பா எழும்பி நின்றார்.

"அல்லாஹ்வே! இந்த வீட்டுலயா?" என்றார் மாமி.

ராத்தா கிளாஸை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "இது படிப்புக்கு மாமி. வரக்குள்ள நீங்க கையில பூசினதும் இதுதானே. கொரோனாக் கிருமிக்கு மேலயும் கொழுப்புத் தோல்தான். அதக் குலைச்சுத்தான் கொல்லுது."

மாமி தன் கைகளை யாருடையவோபோல் பார்த்தார். கிணற்றடிக்குப் போய் மூன்று தரம் கழுவினார். அப்படியே வேனில் ஏறிவிட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது: பிள்ளை கூடுதலாப் படிச்சிட்டாவாம்.

அன்று உம்மா என்னை அஸர் தொழுகை நேரம்வரை ஏசினார். வாப்பா மட்டும் ராத்தாவிடம், "அந்தக் கொழுப்புத் தோல் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க மகள்" என்று கேட்டுவிட்டு, பீட்ரூட் வெட்ட உட்கார்ந்தார்.

ராத்தாவின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டு குசினிக்குப் போனேன். அவள் பாட்டு முணுமுணுத்தபடி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக்கையால் கட்டிப்பிடித்து, கன்னத்தில் கொஞ்சி, ஒரு சொக்லட்டும் தந்தாள். துக்கத்தில் பாவம் புத்தி பிசகிவிட்டது என்று எனக்குப் பட்டது. மஃரிப் தொழுதுவிட்டு அவளுக்காக அழுதழுது துஆக் கேட்டேன்: யா அல்லாஹ், ராத்தாவைப் பார்க்கச் சீக்கிரமாக இன்னொரு மாமியை அனுப்பு.