கொம்பு மிருகத்துக்காக அழுதவர்கள்

இன்று கடைக்கு ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் என்னைப் போல் புடவை விரிக்க ஆள் கிடையாது. மந்திரி வீட்டுப் பெண்களே நான் விரித்தால்தான் உட்காருவார்கள்.

அவர்கள் பேச்சு முழுக்க நேற்றுப் பார்த்த கார்ட்டூன் படம்தான். கொம்பு முளைத்த ஒரு மிருகம். யாருக்கும் கெடுதல் செய்யாது. ஊர் பயந்துபோய் அதை விரட்டுகிறதாம்.

"அழுதுக்கினே பாத்தேன்பா," என்றார் கல்யாணப் பெண்ணின் அம்மா. "உருவத்த வச்சு ஒருத்தர ஒதுக்கலாமா, நீயே சொல்லு." பேத்தி கையில் அதே மிருகத்தின் பொம்மை.

அப்போது என் அக்கா மகள் செல்வி ஓர் அரக்குப் புடவை எடுத்து வந்தாள். முதலாளியிடம் நான் போராடியதில், இன்றுதான் முதன்முதலாக விற்கிற இடத்தில் நிற்கிறாள். அவள் முகத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள். அது யாருக்கும் ஒட்டாது என்று ஊரிலுள்ள அத்தனை டாக்டர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அம்மா புடவையைத் தொடவில்லை. "கல்யாணப் புடவைங்க. அந்தப் பொண்ணு கை படாததா எடுங்க," என்றார் முதலாளியிடம்.

"நீ மாடியிலயே மடிச்சிக்கினு இரும்மா. இனிமே கீழ வாணாம்," என்றார் முதலாளி.

செல்வி புடவையை என்னிடம் நீட்டினாள். "நல்லா விரிங்க மாமா. பார்டர் அழகா இருக்குது."

நான் வேறொன்றை விரித்தேன். அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த மாதிரிப் படங்களைக் குடும்பத்தோடு ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாக அழுதுவிட்டு எழுந்து வரலாம். மிருகம் கூடவே வந்து பக்கத்தில் நிற்காது.

படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கடைசியில் ஊர் அதைச் சேர்த்துக்கொண்டதா? சேர்த்துக்கொண்டால் செல்வியைக் கூட்டிப் போகிறேன்.