மைதானத்தின் ஓரத்திலிருந்து ஓடிய அண்ணா

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களில் பலர் எங்கள் அண்ணாவைக் கலியாண வீடுகளில் கண்டிருப்பீர்கள். மண்டபத்தின் பின்வரிசையில் கதவுக்குக் கிட்ட இருந்து, சாப்பாடு முடிந்ததும் சத்தமில்லாமல் விடைபெற்றுப் போகிறவர். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு அம்மா "விளையாட்டுத் துறையிலை" என்பார். அதற்கு மேல் விளக்க அம்மாவுக்கும் தெரியாது. அண்ணா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அவருடைய ஒரே தங்கையாகிய நான் என்னால் இயன்றவரை சொல்கிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் பிறந்தார். அப்பா எங்களுக்கு முன்பே ஜேர்மனிக்கு வந்து, ஹம்பேர்க்கில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தபோது நான் கைக்குழந்தை. அண்ணா பள்ளிக்கூடம் போகும் வயது. வகுப்பில் தமிழ்ப் பிள்ளை அவர் ஒருவரே. இடைவேளையில் யாரோடும் கதைக்க மொழி இல்லாததால் முற்றத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பாராம். அப்படித்தான் ஓட்டம் அவருக்குப் பழகியது.

உதைபந்தில் அவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பந்தைக் காலில் வைத்திருக்கத் தெரியாமல் அதை விட்டுவிட்டு முன்னே போய்விடுவார். அதைக் கண்டு சிரித்த வகுப்புத் தோழர் மார்க்குஸ், தான் விளையாடும் வேறொரு பந்துக்கு இந்த ஓட்டம்தான் தேவை என்று சொல்லி அண்ணாவைக் கூட்டிப்போனார். அதுதான் அமெரிக்கன் ஃபுட்போல். பெயர்தான் ஃபுட்போல், இரு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்து, பிடித்து, முன்னேறுவதே ஆட்டம். எல்லோரும் நடுவில் மோதிக்கொள்ள, ஓரத்தில் தனியாக ஒருவர் நிற்பார். ஆட்டம் தொடங்கியவுடன் அவர் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடி, தொலைவிலிருந்து வரும் பந்தை ஏந்த வேண்டும். அவரை ரிசீவர் என்பார்கள். எங்கள் அண்ணா ரிசீவர்.

அவர் உயரமானவர் அல்ல, தடித்தவரும் அல்ல. அடிபட்டு வருவார். இடது கைச் சின்ன விரல் ஒருமுறை முறிந்து, வளைந்தபடியே பொருந்திவிட்டது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மின்னியலாளர் தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு எதையும் செய்யலாம். அண்ணா மறுத்துப் பேசவில்லை. பகலில் கட்டடங்களில் கம்பி இழுத்து, மாலையில் பயிற்சிக்குப் போய், அதை முடித்துக் காட்டினார்.

இரண்டாயிரங்களின் நடுவில், அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் நடத்திய தொழில்முறைப் போட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒவ்வோர் அணியும் இங்குள்ள வீரர் சிலரையும் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வசந்தம் தொடங்குமுன் அமெரிக்காவுக்குப் பயிற்சி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து என்னோடு மட்டும் தொலைபேசியில் கதைப்பார். அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வருவார், பழகுவார், ஒருநாள் காலையில் அணிப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்பட்டுப் பெட்டியோடு போய்விடுவார். பிறகு இன்னொருவர். சில ஆட்களுக்குப் பிறகு தான் பெயர் கேட்பதை விட்டுவிட்டதாகச் சொன்னார். அண்ணாவின் பெயர் வெட்டப்படவில்லை. அவர் ஹம்பேர்க் அணியின் உடுப்போடு திரும்பி வந்தார்.

அப்பா ஒரு ஆட்டத்துக்குத்தான் வந்தார். முழுதும் கைகட்டிக்கொண்டு பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில், எஸ்-பான் ரயிலில், அண்ணாவிடம் கேட்டார்.

"ஏனப்பு, நீதானே எல்லாரையும்விட ஓடுறாய். உன்னட்டை ஏன் பந்தைத் தாறாங்கள் இல்லை?"

"நான் ஓடினா என்னைப் பிடிக்கிறவங்களும் எனக்குப் பின்னாலை வருவாங்கள் அப்பா. அப்ப மற்றப் பக்கத்திலை நிக்கிறவன் சுகமாப் பிடிப்பான்."

"அப்ப உனக்கு என்ன?"

அண்ணா சிரித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பந்து வந்த நாளும் உண்டு. அன்று பார்வையாளர் வரிசையில் எங்கள் வீட்டில் இருந்து நான் மட்டும் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. வழக்கம்போல அண்ணா எங்கள் பக்க ஓரத்தில் ஓடினார். எதிரணியில் அவரைக் காவல் நின்றவர், இவருக்குப் பந்து வராது என்று எண்ணினாரோ என்னவோ, கொஞ்சம் பின்தங்கிவிட்டார். அந்த இடைவெளியில் பந்து உயரத்தில் வந்தது. அண்ணா திரும்பிப் பார்க்காமல், ஓட்டத்தைக் குறைக்காமல், இரு கைகளையும் முன்னே நீட்டி அதை ஏந்தினார். அதற்குப் பிறகு அவரை யாராலும் தொட முடியவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மற்ற வீரர்களைப் போல ஆடவில்லை, குதிக்கவில்லை. பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்தது என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல நின்றார். பெரிய பெரிய ஆட்கள் ஓடிவந்து அவர்மேல் விழுந்தார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு ஜேர்மன் பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்தார். அது என் அண்ணா என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மற்ற வீரர்களைக் காதலிகளும் குடும்பங்களும் கூட்டிப்போக, அண்ணாவும் நானும் ஈர உடுப்போடு வீட்டுக்கு வந்தோம். வீட்டில் யாரோ கலியாணப் பேச்சுக்கு வந்திருந்தார்கள். அம்மா குசினிக்குள் இருந்தபடியே சாப்பிட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டார். அண்ணா ஓம் என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தார். அவர்கள் போகும்வரை அங்கேயே இருந்து, இன்று மழை கூட என்று அவர்கள் சொன்னதற்கு ஓம் நல்ல மழை என்றார். ஆட்டத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டார். என்ன நடந்தது என்று விளங்கித்தான் சந்தோஷப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு கோடையில் அந்தப் போட்டியையே அமெரிக்கர்கள் மூடிவிட்டார்கள். அணித் தோழர்கள் ஒரு கிழமைக்குள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணா மீண்டும் மின்னியல் வேலைக்குப் போனார். தனியே வீடு எடுத்து இருந்தார். அந்தக் காலத்தில் எல்ப ஆற்றங்கரையில் அவர் ஓடுவதை நான் சில தடவை தூரத்தில் நின்று கண்டிருக்கிறேன். பயிற்றுநர் இல்லை, எதிராளி இல்லை. அப்போதும் ஓட்டத்தின் நடுவில் திடீரென்று கையை நீட்டி எதையோ ஏந்துவார்.

அந்தக் குளிர்காலத்திலேயே ஓட்டம் குறைந்தது. மூச்சு வாங்கியது, உடம்பில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தது. இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இன்னொருவரின் எலும்பு மச்சை பொருந்தினால்தான் வழி என்றார்கள். என்னுடையது பொருந்தவில்லை. பொருந்துகிறவர் எங்கள் இனத்தவருக்குள் இருப்பதற்கே கூடிய வாய்ப்பு என்றும், கொடையாளராகப் பதிந்தவர்களில் தமிழர் மிகக் குறைவு என்றும் மருத்துவர் சொன்னார்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழா அன்று, கால்வாய்க் கரையோரம், அனுமதி பெற்று ஒரு கூடாரம் போட்டோம். தாதிமார் வந்து இரத்த மாதிரி எடுத்தார்கள். மார்க்குஸும் பழைய அணித் தோழர் சிலரும் ஹம்பேர்க்கிலிருந்து இரவோடிரவாகக் காரில் வந்து மேசை தூக்கினார்கள். பத்துப் பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். காவடி எடுத்து முடித்த ஒருவர், முதுகில் செடில் கொக்கி குத்திய இடம் காயுமுன் வந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. பிறகு நீண்ட வரிசையே சேர்ந்துவிட்டது.

அண்ணா அப்போது மருத்துவமனையில் தனி அறையில் இருந்தார். முகமூடி போட்டு, கை கழுவி, ஒருவராகத்தான் உள்ளே போகலாம். நான் கூடாரத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணா, சனம் பாலம் வரைக்கும் நிக்குது."



"அவையளுக்கு என்னை ஆரெண்டு தெரியுமே?"

"தெரியாது அண்ணா."

"தெரியாமலே நிக்கினம்?"

"ஓம்."

பிறகு சொன்னார்: "வெயிலுக்கை விடாதை. தண்ணி குடுக்கச் சொல்லு."

அவர்களில் ஒருவருடையதும் பொருந்தவில்லை. இலையுதிர் காலத்தில், ஒரு காலை, அப்பா பக்கத்தில் இருக்க அண்ணா கண்மூடினார். அப்பா அவருடைய வளைந்த விரலைப் பிடித்தபடி இருந்தார் என்று தாதி எங்களிடம் சொன்னார்.

அண்ணாவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், கடைசிவரை வாராவாரம் வந்த மார்க்குஸுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும், அன்று வந்து ஒரு சொல்லும் விளங்காமல் தேவாரத்துக்கு எழுந்து நின்ற அணித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. ஊன்ட்றொப் வரிசையில் நின்றவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது என்றாவது ஒருநாள், வேறு யாரோ ஒருவருக்காக அழைப்பு வந்தால், தயவுசெய்து மறுக்காதீர்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் அண்ணா என்னிடம் "உங்கடை சனம்" என்றுதான் சொல்வார், தான் அதற்கு வெளியே நிற்பவர்போல. அந்தத் திருவிழாவுக்குப் பின் எஞ்சிய சில மாதங்களில் அவர் கதைத்தது குறைவு. கதைத்தபோதெல்லாம் "எங்கடை சனம்" என்றார்.